கதவோரத்து ஸ்விட்ச்

அந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று லாரியிலிருந்து கடைசியாக இறங்கியது ரம்ப மேசைதான். கட்டிலும் பீரோவும் அடுப்பும் அதனதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, ஆட்கள் முனகிக்கொண்டே அதைத் தூக்கி, வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். நடுவில் வட்டப் பிளேடு எழும்பி நிற்கிற கனத்த இரும்பு மேசை அது. தூக்கியவர்களில் ஒருவன் மூச்சு வாங்க, வீட்டுக்குள் மரக்கடை வைக்கப் போகிறாரா என்று பல்லுக்காரரைக் கேட்டான்.

"என்னைக் கேட்காதப்பா. அது அவங்களோடது" என்று மனைவியைக் காட்டிவிட்டு அவர் நழுவிவிட்டார்.

அவருக்குத் தொழில் பல் செட் செய்வது; அதனால் எல்லோருக்கும் அவர் 'பல்லுக்காரர்'. நாள் முழுக்க மெழுகிலும் பிசினிலும் அடுத்தவர் கடைவாய்ப் பற்களைச் செதுக்கிக்கொண்டிருப்பார். அவளோ துணித் தொழிற்சாலையில் வெட்டுப் பிரிவு மேற்பார்வையாளர். அடுக்கடுக்காகப் போட்ட துணியை ஒரே ஓட்டத்தில் அறுத்துத் தள்ளும் மின்கத்திகளுக்கு நடுவே பாதி ஆயுளைக் கழித்தவள். அங்கே சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் 'கட்டிங் அக்கா'. வீட்டில் கணவர் 'மாஸ்டர்' என்பார். பல்லை நம்பிப் பிழைக்கிற மனுஷன் பிளேடில் இருக்கிற பல்லைக் கண்டால் மட்டும் நடுங்குகிறாரே என்று அவள் கேலி செய்வாள். பதிலுக்கு அவர், வாயில் இருக்கிற பல் கடித்தால் தையல் போடலாம், இது கடித்தால் தைக்க என்ன மிஞ்சும் என்பார்.

மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால்தான் மாடிவீட்டை விட்டு இங்கே வந்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்து அவர் சக்கர நாற்காலியில் திரும்பி வருவதற்குள், வாசல் படிகளின் மேல் மரத்தில் ஒரு சரிவுப் பாதை போட்டாக வேண்டும். வெளியே சொன்னால் இழுத்தடிப்பார்கள், நானே போடுகிறேன் என்று அவள் பலகை வாங்கிப் போட்டுவிட்டாள்.

கொட்டகை வேலைக்கு வசதியாகத்தான் இருந்தது. ஒரு ஜன்னல், ஒரு கதவு, காய்ந்த சிமெண்டுத் தரை. பழைய வீட்டுக்காரரும் அங்கே மரவேலை செய்தவர் போலும். சுவரில் ஆணிகள் வரிசையாக இருந்தன. ஒன்று மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. கதவோரத்துப் பலகையில் குமிழ் வைத்த பழைய ஸ்விட்ச்சுகள் இரண்டு, ஒட்டிப் பிறந்தவை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று லைட்டுக்கு. மற்றது எதிர்ச்சுவரில், மிஷின் பக்கம் இருந்த பிளக் பாயிண்டுக்கு. அதைப் போட்டால் கீழே சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். இருட்டில் கை வைத்தால் எது எதுவென்று சொல்லமுடியாது. ஒயர்மேனைக் கூப்பிட்டு மாற்ற வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

மற்றபடி அவள் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மிஷின் முன்னால் நிற்கும்போது கணவருடைய பழைய அரைக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். கூந்தலை முடிந்து தொப்பிக்குள் திணிப்பாள். கண்ணுக்குக் கண்ணாடி உண்டு, கையுறை கிடையாது. சுழல்கிற பிளேடு கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும். பலகை எகிறினால் வயிற்றில் அடிக்காதபடி பிளேடுக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நிற்பாள். கடைசிச் சாண் பலகையைத் தள்ளுவதற்கென்று ஒரு கட்டை வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிளேடைத் தொட வேண்டுமென்றால் ஸ்விட்ச்சை அணைப்பதோடு நிற்கமாட்டாள், பிளக்கையே பிடுங்கிவிடுவாள். தொழிற்சாலையில் பக்கத்து மேசைக்காரி ஒருத்திக்கு விரல் நுனி போன நாளிலிருந்து வந்த பழக்கம் அது. அன்று யாரோ போகிற போக்கில் ஸ்விட்ச்சைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

மழைக்காலம் தொடங்கியது.

விடுமுறை நாள் ஒன்றில், நண்பகல் நேரம், பல்லுக்காரர் அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போயிருந்தார். அவள் பலகை அறுத்துக்கொண்டிருந்தாள். வானம் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தது. ஜன்னல் வெளிச்சம் சாம்பல் நிறமானது. தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தபோது கரண்ட் போனது. பாதி அறுத்த பலகைக்குள் பிளேடு முனகி முனகி நின்றது.

சரி, சும்மா நிற்பானேன், பிளேடை மாற்றிவிடுவோம் என்று தோன்றியது. பற்களில் மரப்பிசின் கருப்பாகப் பிடித்திருந்தது. அறுத்த விளிம்பெல்லாம் தீய்ந்து நாறியது. இந்த நிலையில் அழுத்தித் தள்ளத் தள்ள ஆபத்து. கதவோரத்து ஸ்விட்ச்சை அணைத்தாள். எதிர்ச்சுவருக்கு வந்து பிளக்கைப் பிடுங்கி, கண்ணில் படுகிற மாதிரி ஆணியில் தொங்கவிட்டாள். பிளேடின் மேல்மூடியைக் கழற்றி, இடது கையால் பற்களைப் பிடித்துக்கொண்டு, நட்டில் ஸ்பானரை மாட்டினாள்.

அப்போது வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. பக்கத்து வீட்டில் சமையல் நடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு செருப்புச் சத்தம். ஈரத்தில் சளப் சளப் என்று வீட்டுப் பக்கமிருந்து வந்து கதவடியில் நின்றது. அவர் திரும்பிவிட்டார் போலிருக்கிறது. அவள் நிமிரவில்லை. நட்டு இறுகிக்கிடந்தது.

"இருட்டுல என்னங்க பண்றீங்க?"

பெண்குரல். கோபமில்லை. சாப்பிட வராமல் வேலையில் மூழ்கிக் கிடக்கிற புருஷனைச் செல்லமாகக் கடிந்துகொள்ளும் குரல்.

டக்.

கதவோரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

கரண்ட் எப்போது திரும்பி வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். கதவில் யாருமில்லை. மழை மட்டும் நேர்க்கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. எட்டி வந்து பார்த்தால் கதவடியில் ஈரக்காலின் தடம் ஒன்றுகூட இல்லை. கூரை நிழலில் சிமெண்டுத் தரை துளி ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது.

பிறகுதான் மிஷினைப் பார்த்தாள். மிஷினுடைய சொந்த நெம்புகோல் ஓடுகிற நிலையிலேயே இருந்தது. அறுக்கும்போது கரண்ட் போனதில் அதை அணைக்க மறந்திருக்கிறாள். பிளக் மட்டும் ஆணியில் தொங்காமல் சுவரில் இருந்திருந்தால்?

அவள் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கணவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மிஷினையே விற்றுவிடுவார். அடுத்த நாள், பக்கத்து வீட்டில் இருந்த ஆம்புலன்ஸ் டிரைவரிடம் மட்டும் மதிலோரமாக நின்று பேச்சுவாக்கில் விசாரித்தாள். முன்பு இந்த வீட்டில் யார் இருந்தார்கள், என்ன ஆனார்கள் என்று. அவர் சவரம் செய்துகொண்டிருந்தவர், பாதி முகத்தில் நுரையோடு கத்தியைக் கழுவி வைத்துவிட்டார்.

புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் இருந்தார்களாம். பிள்ளையில்லை. அந்த மனுஷனுக்கு மரவேலை பைத்தியம். இப்படித்தான் ஒரு மழை நாளில், கரண்ட் போன நேரத்தில் பிளேடு மாற்ற உட்கார்ந்திருக்கிறார். கதவோரத்து ஸ்விட்ச்சை அணைத்தார், பிளக்கைப் பிடுங்கவில்லை. கரண்ட் திரும்பிய நேரம் பெண்டாட்டி சாப்பிடக் கூப்பிட வந்திருக்கிறாள். புருஷன் இருட்டில் குனிந்திருப்பதைப் பார்த்து லைட்டைப் போடக் கையை நீட்டினாள். பக்கத்து ஸ்விட்ச்சைப் போட்டுவிட்டாள். டிரைவர்தான் அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றினாராம். பாதி வழி வரைதான் உயிர் இருந்தது.

"அந்தம்மா அதுக்கப்புறம் எந்த ஸ்விட்ச்சையும் தொடலம்மா" என்றார் அவர். "பொழுது சாஞ்சா நாங்க யாராவது போய் லைட்டு போட்டுட்டு வரணும். போகலைன்னா இருட்டுலயே உட்கார்ந்திருப்பாங்க. லைட்டு போடத்தான் போனேன், லைட்டு போடத்தான் போனேன்னு அதையே சொல்லிட்டிருப்பாங்க."

ஒரு பெருமழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்று, யாரும் போகமுடியாமல் போனது. தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்த வாக்கிலேயே, இருட்டில்.

அன்றே கட்டிங் அக்கா ஒயர்மேனுக்குப் போன் செய்தாள். மழை கொஞ்சம் விடட்டும், வருகிறேன் என்றான் அவன். அதுவரைக்கும் என்று பிளக் பாயிண்ட் ஸ்விட்ச்சின் குமிழின்மேல் ஒட்டு டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி வைத்தாள். நானில்லாமல் மிஷினைத் தொடாதீர்கள் என்று கணவரிடம் சொன்னாள். நான் ஏன் தொடுகிறேன், எனக்கென்ன பைத்தியமா என்று அவர் சிரித்தார்.

ஆனால் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. கட்டில் பற்றாக்குறை, நாளைக்கே அம்மாவை அழைத்துப் போய்விடுங்கள் என்றார்கள். அவள் தொழிற்சாலையில் இருந்தாள். சரிவுப் பாதையில் இன்னும் சில பலகைகள்தான் பாக்கி. பாவம், வேலைவிட்டு வந்து அவள்தானே கிடந்து அல்லாட வேண்டும் என்று நினைத்தார் பல்லுக்காரர். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொட்டகைக்குள் தனியாகப் போனார். டேப்பை உரித்துப் போட்டார்.

தொழிற்சாலைக்குள் மழைத் தண்ணீர் புகுந்ததால் அன்று எல்லோரையும் மதியமே அனுப்பிவிட்டார்கள். அவள் தெருமுனையில் திரும்பும்போதே ரம்பம் ஓடுகிற சத்தம் கேட்டது. யார் என்று யோசிப்பதற்குள், சத்தம் முனகித் தேய்ந்து நின்றது. தெரு முழுக்கக் கரண்ட் போயிருந்தது. நல்லவேளை என்று மூச்சு விட்டாள். நடையை எட்டிப் போட்டாள். கேட்டைத் திறந்தபோது எதிர்வீட்டு ஜன்னல்களில் வெளிச்சம் திரும்பி வந்தது.

சமையலறை வழியாகப் பின்பக்கம் போனாள். அடுப்பு அணைந்து, சில்லென்று இருந்தது.

அறை முழுக்க வெங்காயம் வதங்கும் வாசனை.

குடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கொட்டகைக்குள் அரை இருட்டு. கணவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசைமேல் கவிழ்ந்திருந்தார். மேல்மூடி கழற்றித் தரையில் கிடந்தது. இரண்டு கையும் பிளேடிடம் இருந்தன. பிளக் சுவரில் இருந்தது. நெம்புகோல் ஓடுகிற நிலையில் இருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை. பிசின் பிடித்த பிளேடை மாற்றிவிடலாம் என்று, ஸ்விட்ச்சை மட்டும் அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கியிருக்கிறார்.

அவளுக்குப் பின்னால், ஈரத்தில், செருப்புச் சத்தம்.

அவள் கையை நீட்டி, குமிழுக்குக் கீழே விரலைக் கொடுத்து மேல்நோக்கித் தாங்கிப் பிடித்தாள்.

அதே நொடியில் அவள் விரல்மேல் இன்னொரு விரல் வந்து உட்கார்ந்தது.

சில்லிட்டிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது சூடாக இருந்தது. அடுப்படியிலிருந்து நேராக வந்த கையின் சூடு. ஈரமாக, வெங்காயத் தோல் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு பிசுபிசுப்பு. அது கீழ்நோக்கி அழுத்தியது.

"விடும்மா" என்றது குரல், காதுக்குப் பக்கத்தில். "அவர் இருட்டுல நிக்கிறார்."

கத்தினால் அவர் பதறிக் கையை உள்ளே விட்டுவிடக்கூடும். அவள் குரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஏங்க. கையை வெளியே எடுங்க."

"வந்துட்டியா மாஸ்டர்? இந்த நட்டு மட்டும்..."

"நட்டை விடுங்க. ரெண்டு கையையும் எடுங்க. பின்னால வாங்க."

அவளிடம் அப்படி ஒரு குரலை அவர் கேட்டதேயில்லை. ஸ்பானரை அப்படியே நட்டில் விட்டுவிட்டுக் கையை எடுத்தார். ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

அவள் விரல் வழுக்கியது.

டக்.

பிளேடு அலறிக்கொண்டு கிளம்பியது. நட்டிலிருந்த ஸ்பானர் பறந்து, அவர் குனிந்திருந்த இடத்தைக் கடந்து, எதிர்த் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே போனது. அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். அந்த இரைச்சலுக்கு நடுவிலும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது, கதவோரத்தில் ஒருத்தி உடைந்துபோய்ச் சொன்னது:

"மறுபடியும் தப்பா போட்டுட்டேனே."

அவள் ஸ்விட்ச்சைத் தட்டி அணைத்தாள். சுற்றிக்கொண்டு ஓடிப் பிளக்கைப் பிடுங்கினாள். பிளேடு மெல்லச் சுழன்று நின்றது. கடைசியில் அவர், யாரிடம் பேசிக்கொண்டிருந்தாய் என்று மட்டும் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மறுக்கவில்லை, சிரிக்கவில்லை. தகரத்தில் விழுந்திருந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒயர்மேனை அன்று மாலையே கையோடு கூட்டிவந்தார்கள். கதவோரத்துப் பலகையில் லைட் ஸ்விட்ச் ஒன்று மட்டும் மிஞ்சியது. பிளக் பாயிண்டுக்கு மிஷின் பக்கத்திலேயே தனி ஸ்விட்ச் வந்தது. மிஷினுக்கும், கரண்ட் போய்த் திரும்பினால் தானாக ஓடாத புது ஸ்விட்ச் ஒன்றை மாட்டச் சொன்னாள். அம்மாவை இன்னும் சில நாள் வைத்துக்கொள்ளும்படி பல்லுக்காரர் மருத்துவமனையில் கெஞ்சிக் கூத்தாடி இடம் வாங்கினார்.

வேலை முடிகிற கட்டத்தில் மறுபடியும் ஒரு மழை மதியம் வந்தது. சரிவுப் பாதை முடிந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, கழற்றிய பிளேடை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பிசினை எடுத்துக்கொண்டிருந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்து லைட்டைப் போடலாம். அவள் போடவில்லை. வருமென்று தெரிந்தே உட்கார்ந்திருந்தாள்.

வாசனை வந்தது. செருப்புச் சத்தம் வந்தது. கதவடியில் நின்றது.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. தயங்குகிறாள் என்று புரிந்தது. இருட்டில் ஒரு கை பலகையைத் தடவுகிற சரசரப்பு. ஒரே ஒரு குமிழ்தான் இருக்கிறது என்பதை அந்த விரல்கள் நம்பவில்லை. திரும்பத் திரும்பத் தடவின.

டக்.

கொட்டகை முழுக்க மஞ்சள் வெளிச்சம்.

எங்கோ மிகப் பக்கத்தில், நெடுநாள் பாரத்தை இறக்கிவைத்தது போல ஒரு மூச்சு வெளிவந்தது. கட்டிங் அக்கா துடைத்துக்கொண்டிருந்த பிளேடைக் கீழே வைத்தாள். பயம் போய் இரக்கம் வந்துவிட்டது. அங்கேதான் அவள் பிசகினாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவளோ, அந்தப் பெண் கேட்க ஏங்கிய பதிலை யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும் என்று நினைத்து, மெதுவாகச் சொன்னாள்:

"வெளிச்சம் வந்துடுச்சு. நீ போ, சாப்பிட வர்றேன்."

செருப்புச் சத்தம் திரும்பியது. சளப் சளப் என்று நடந்து, கொட்டகையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, வீட்டுக்குள் போனது.

இதற்கு முன் அது வீட்டுக்குள் போய் அவள் கேட்டதில்லை.

மாமியார் வந்து சேர்ந்தார். சக்கர நாற்காலி சரிவில் ஆடாமல் அசையாமல் ஏறியது. மருமகள் போட்ட பாதையைப் பார்த்துவிட்டு, மகன் செய்த பல் செட்டைவிட இது உறுதியாக இருக்கிறது என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். கொட்டகையில் அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை. எத்தனையோ மழை பெய்தது. ஸ்விட்ச் தானாகப் போட்டுக்கொள்ளவில்லை. தீர்ந்தது என்று இருவரும் நம்பிவிட்டார்கள்.

பிறகு, வானம் மூடிக்கொண்ட ஒரு மதியம். மாமியார் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். கணவர் முன்னறையில் செய்தித்தாளோடு இருந்தார். அவள் சமையலறையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாத்திரத்தில் கஞ்சி மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. வெங்காயம் நறுக்கவேயில்லை.

வாசனை முதுகுப் பக்கமிருந்து வந்தது.

"சாப்பிட வாங்க."

கரண்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது. சொன்னது அவளல்ல.

"இதோ வந்துட்டேன்" என்று முன்னறையிலிருந்து கணவர் பதில் சொன்னார்.

தடுக்க நினைத்தாள். அதற்குள் மேசைப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மெல்லத் திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு வைத்திருந்தது. பக்கத்தில் டம்ளர் நிறையத் தண்ணீர், அப்போதுதான் ஊற்றியது போல அலை அடங்காமல். நாற்காலி ஒன்று, உட்காருவதற்கு வாகாக இழுத்துப் போடப்பட்டிருந்தது.

கணவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அடுப்புப் பக்கம் பார்க்காமல் நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தன் இடது தோளுக்கு மேலே, யாருமில்லாத இடத்தை அண்ணாந்து பார்த்து, தட்டெல்லாம் முன்னாடியே தயாராக இருக்கிறதே என்று சிரித்தார்.

பிறகு, யாரோ சொல்வதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தார்.

"தெரியும், தெரியும்" என்றார். "இனிமே காக்க வைக்கமாட்டேன்."